நத்தார் கேக்குக்கு றம்மா, சாராயமா? பாகு ஊற்றுகிற கேக் போட்டவர்கள் வந்து சொல்லுங்கோ

குருநகர்_மருமகள்:
எல்லோருக்கும் வணக்கம். இந்த நத்தாருக்கு எங்கள் வீட்டில் றிச் கேக் போடுவதில்லை என்று முடிவாகிவிட்டது. மாமிக்கு மூட்டு வருத்தம். முந்திரிகை வற்றலையும் பூசணித் தோசியையும் இஞ்சிப் பாகையும் கிலோக்கணக்கில் பொடியாக வெட்டிக்கொண்டிருக்க அவவால் இனி ஏலாது, என்னைத் தனிய விட்டால் நான் எல்லாவற்றையும் மிக்சியில் போட்டு அடித்துவிடுவேன் என்று அவவுக்குப் பயம். அதனால் கனடாவில் இருந்து வருகிற மச்சாள் சொன்ன றம் கேக்கைப் போடலாம் என்றிருக்கிறோம். நடுவில் துளை உள்ள அச்சில் வேகவைத்து, பட்டரும் சீனியும் காய்ச்சி றம் விட்ட பாகை மேலே ஊற்ற மினுமினுவென்று வருமே, அதுதான்.

அவ அனுப்பிய குறிப்பில் பெட்டிக் கேக் மாவும் புடிங் பக்கெற்றும் போடச் சொல்லியிருக்கிறது. அவை இல்லாமல் எப்படிச் செய்வது? றம்முக்குப் பதில் சாராயம் விடலாமா? பாகை ஊற்றுவது கேக் சூடாக இருக்கும்போதா, ஆறின பிறகா? தேடிப் பார்த்தால் ஆளுக்கொரு கதை சொல்லுகிறார்கள். இன்னொன்று, என் அம்மா வீட்டார் சைவ சமயம், பக்கத்து வீடும் சைவ சமயம், வளவு நிறையப் பிள்ளைகள். வேகும்போது சாராயம் முழுக்கப் பறந்துவிடும் என்று மச்சாள் அடித்துச் சொல்லுகிறா. உண்மையா?

பாசையூர்_அன்ரி:
நத்தாருக்கு றிச் கேக் இல்லாத வீடா! ரவையும் கஜுவும் போட்டு, பிராண்டியில் ஊறின பழம் போட்டு, துண்டு துண்டாக வெட்டிக் கலர்ப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தால்தான் அது நத்தார். பாகு ஊற்றின கேக்கை எப்படிப் பிள்ளை பேப்பரில் சுற்றுவீர்? ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

போறணைக்காரன்:
அன்ரி சொல்லுவது சரி, இது சுற்றிக் கொடுக்கிற கேக் இல்லை. மேசையில் வைத்து வெட்டி, தட்டில் வைத்துக் கொடுக்கிற கேக். ஊருக்கெல்லாம் பங்கு போடுவதென்றால் வேறு ஏதாவது போடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தங்கச்சி, பெட்டி மாவை மறந்துவிடுங்கள். அந்தப் புடிங் பக்கெற் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். அதில் இருக்கிற மாப்பொருள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் பாகு குடித்த பிறகும் கேக் கூழாகாமல் நிற்கும். அந்த வேலைக்குக் கஸ்டட் பவுடர் போதும், அதில் பெரும்பங்கு சோள மாதானே.

ஒரு பெரிய அச்சுக்கு நான் போடுகிற அளவு இது: பட்டர் 225 கிராம், சீனி 250 கிராம், முட்டை 4, கோதுமை மா 270 கிராம், கஸ்டட் பவுடர் 30 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டரைத் தேக்கரண்டி, பால் 120 மில்லி, சாராயம் 80 மில்லி, வனிலா கொஞ்சம், ஒரு தேசிக்காயின் பச்சைத் தோலைத் துருவி அதையும் போடுங்கள். உப்பில்லாப் பட்டர் என்றால் அரைத் தேக்கரண்டி உப்பு. பட்டரை விரலால் அமத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் மேல் மினுங்கக் கூடாது. மினுங்கினால் உருகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அதை எவ்வளவு அடித்தாலும் காற்றுப் பிடிக்காது, திரும்பக் குளிரில் வைத்து எடுங்கள். சீனியோடு வெள்ளையாக வரும்வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாக விட்டு, பிறகு மாவும் பாலும் மாறி மாறி. சாராயத்தைப் பாலோடு சேர்த்துத்தான் விட வேண்டும். முட்டை விட்ட கையோடு சாராயத்தைத் தனியாக ஊற்றினால் கலவை திரைந்துபோகும்.

அச்சுக்கு உள்ளே வரிவரியாக மடிப்பு இருக்கும். ஒவ்வொரு மடிப்பிலும் பட்டர் பூசி மா தூவி, கவிழ்த்துத் தட்டுங்கள். இதில் பஞ்சிப்பட்டவர்களின் கேக் பாதி அச்சிலேயே நின்றுவிடும். ஓவன் சூடு 165 முதல் 170 பாகை செல்சியஸ், 50 நிமிடத்தில் பார்க்கத் தொடங்குங்கள், ஒரு மணித்தியாலம்வரை போகலாம். ஈர்க்குக் குத்தி எடுத்தால் ஒட்டாமல் வர வேண்டும்.

இனிப் பாகு. பட்டர் 115 கிராம், சீனி 200 கிராம், தண்ணீர் 60 மில்லி, தேசிக்காய்ப் புளி ஒரு தேக்கரண்டி. பட்டர் உருகி, சீனி கரைந்து, நல்லாய்க் கொதிக்க ஆரம்பித்த பிறகு ஐந்து நிமிடம். அடுப்பை நிற்பாட்டுங்கள். சட்டியை அடுப்பை விட்டு வேறு இடத்தில் வையுங்கள். கொதி அடங்கின பிறகுதான் 100 மில்லி சாராயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அப்படி விட்டாலும் பொங்கும், முகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். காஸ் அடுப்பு எரியும்போது விட்டால் அந்த ஆவி தீப்பிடிக்கும், விளையாட்டில்லை.

எப்போது ஊற்றுவது என்றால், கேக்கும் சூடு, பாகும் சூடு. கேக் வெளியே வந்து பத்து நிமிடம் அச்சிலேயே இருக்கட்டும். மேலே தெரிகிற பக்கம்தான் பிறகு அடிப்பக்கம், அதில் ஈர்க்கால் நெருக்கமாகக் குத்துங்கள். பாகில் பாதியை ஒவ்வொரு கரண்டியாக விடுங்கள். துளைகளில் சின்னச் சின்னக் குமிழ் வந்து உடையும், அது நின்ற பிறகு அடுத்த கரண்டி. அவசரப்பட்டு முழுக்க ஊற்றினால் ஓரத்தால் வடிந்து அச்சின் அடியில் தேங்கி, அந்த இடம் மட்டும் கசகசவென்று போகும், நடு காய்ந்து கிடக்கும். கால் மணித்தியாலம் விட்டு, இளஞ்சூட்டோடு கவிழ்த்துவிடுங்கள். முழுக்க ஆறவிட்டால் பாகு இறுகி அச்சோடு ஒட்டிவிடும். ஒட்டினால் அச்சின் அடியை வெந்நீரில் ஒரு நிமிடம் வையுங்கள், கழன்று வரும். மிச்சப் பாதியைத் தூரிகையால் மேலே திரும்பத் திரும்பப் பூசுங்கள், மினுக்கம் வருவது இந்தப் பூச்சில்தான். மறுநாள் வெட்டுங்கள். அன்றைக்கே வெட்டினால் சாராயம் தனியாக, கேக் தனியாக நிற்கும்.

வடமராட்சிப்_பொடியன்:
அக்கா, சாராயம் தாராளமாக விடலாம். றம் கரும்பில் வருகிறது, எங்களுடையது கள்ளை வடித்து வருகிறது, வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் எந்தச் சாராயம் என்பதில் கவனம். தென்னஞ்சாராயத்தில் பழையது என்றால் மென்மையாக இருக்கும், பட்டரோடும் வனிலாவோடும் நல்லாய்ச் சேரும். பனஞ்சாராயம் எங்கள் பக்கத்துச் சாமான், திக்கம் வடிசாலை இருக்கிற ஊர்க்காரன் நான், இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், அதன் மணம் கேக்கில் தூக்கிக்கொண்டு நிற்கும். அதையே விடுவதென்றால் சீனியில் பாதிக்குப் பனங்கட்டி போட்டு, கறுவாவும் கராம்பும் சேருங்கள். பனஞ்சாராயமும் பனங்கட்டியும் ஒரே மரத்துப் பிள்ளைகள், சண்டை பிடிக்காது. யாராவது மலிவாகக் கள்ளமாய்க் காய்ச்சின கசிப்பு இருக்கிறது என்று கொண்டுவந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், அதில் மெதனோல் கலந்திருந்தால் கண்ணும் போகும் உயிரும் போகும்.

நேரத்தோடு வாங்கி வையுங்கள். பௌர்ணமிப் போயாவுக்குச் சாராயக் கடை பூட்டு, நத்தார் அன்றைக்கும் பூட்டு. 180 மில்லிப் போத்தல் ஒன்று கணக்காக இருக்கும்.

குருநகர்_மருமகள்:
தம்பி, வாங்குகிற கதையை விடுங்கோ. பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்று 1979 இல் போட்ட விதியை 2018 ஜனவரியில் எடுத்தார்கள், எடுத்து ஒரு கிழமை ஆகமுதல் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். கேக் போடுகிறவள் நான், போத்தல் வாங்க என் மனிசனைத்தான் அனுப்ப வேண்டும். அவர் போனால் 180 மில்லியோடு திரும்பி வருவாரா என்பது வேறு கேள்வி.

ஸ்காபரோ_அக்கா:
நான்தான் அந்த மச்சாள். என்னை இழுத்து வைத்துக் கதைப்பது தெரிந்து வந்தேன். இங்கே எங்கள் மாடியில் ஜமெய்க்காக்காரக் குடும்பம் ஒன்று இருக்கிறது, அவர்களின் நத்தார்க் கறுப்புக் கேக்கில் பழத்தை மாதக்கணக்கில் றம்மில் ஊறவைக்கிறார்கள், பிள்ளைகள் எல்லாம் சாப்பிடுகின்றன. மதுசாரம், அதாவது அல்ககோல், கொதிப்பது 78 பாகையில். ஓவன் 170. அதற்குப் பிறகும் எப்படி அது கேக்குக்குள் இருக்கும்? மணம் மட்டும்தான் மிஞ்சும்.

சுண்டிக்குளி_ரீச்சர்:
பிள்ளை, 170 பாகை ஓவனுக்குள் இருக்கிற காற்றுக்கு. கேக்கின் நடுப்பகுதி 100 பாகையைத் தாண்டாது, உள்ளே தண்ணீர் இருக்கும்வரை தாண்ட முடியாது. மதுசாரம் தனியாக இருந்தால் 78 இல் கொதித்துப் போய்விடும்தான். ஆனால் தண்ணீரோடு கலந்து, மாவுக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் அகப்பட்டிருக்கும்போது அப்படித் தனியாகப் பிரிந்து ஓடாது, தண்ணீரோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும்.

இதை அமெரிக்க விவசாயத் திணைக்களம் அளந்து அட்டவணையே போட்டிருக்கிறது. கலவையில் சேர்த்து ஒரு மணித்தியாலம் வேகவைத்தால் 25 வீதம் மிஞ்சும். இரண்டரை மணித்தியாலம் வைத்தாலும் 5 வீதம் நிற்கும். கொதிக்கிற பாகில் விட்டு உடனே அடுப்பால் இறக்கினால் 85 வீதம் அப்படியே இருக்கும். போறணைக்காரத் தம்பி சொன்ன பாகு இந்தக் கடைசி வகை.

கணக்குப் பார்ப்போம். போத்தலில் 33.5 வீதம் என்று போட்டிருந்தால், பாகில் விடுகிற 100 மில்லியில் சுத்த மதுசாரம் 33.5 மில்லி. அதில் மிஞ்சுவது 28 மில்லி. கேக்குக்குள் போன 80 மில்லியில் ஏறத்தாழ 27, அதில் கால்வாசி என்றால் 7. மொத்தம் 35 மில்லி. பதினாறு துண்டாக வெட்டினால் துண்டுக்கு 2 மில்லிக்குக் கொஞ்சம் கூட, நிறையில் 2 கிராமுக்குள். மருத்துவக் கணக்கில் ஒரு குடி என்பது 10 கிராம். ஆகவே பெரிய ஆள் ஒருவருக்கு ஒரு துண்டு ஒன்றும் செய்யாது. ஆனால் 'முழுக்கப் பறந்துவிடும்' என்பது பொய். ஏழு வயதுப் பிள்ளை இரண்டு மூன்று துண்டு சாப்பிட்டால் அது சும்மா மணம் இல்லை.

ஸ்காபரோ_அக்கா:
ரீச்சர் சொன்னால் சரி. அப்படியென்றால் பாகில் விடுகிறதை அடுப்பில் வைத்தே காய்ச்சினால் என்ன?

சுண்டிக்குளி_ரீச்சர்:
குறையும், அதோடு மணமும் போய்விடும். பிறகு எதற்குச் சாராயம் வாங்கினீர்?

கொக்குவில்_மாமி:
நான் சைவம். எங்கள் வலது பக்கத்து வீடு வேதக்காரர், நத்தாருக்கு அங்கே இருந்து தட்டு வரும், தைப்பொங்கலுக்கு அதே தட்டில் புக்கையும் வடையும் போகும். அதனால் இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

சாராயத்தைப் பற்றி இவ்வளவு கதைக்கிறீர்கள், முட்டையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மார்கழியில் எங்கள் வீடுகளில் விரதம் ஓயாது. பிள்ளையார் பெருங்கதை, அதன் பிறகு திருவெம்பாவை. சில வருடம் நத்தார் இதற்கு நடுவிலேயே வந்து விழும். 2026 இல் நத்தார் வெள்ளிக்கிழமை வேறு. அன்றைக்கு முட்டை போட்ட எந்தக் கேக்கும் எங்கள் வாயில் படாது, சாராயம் இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன. வாங்கிப் பெட்டிக்குள் வைத்து விரதம் முடியத்தான் சாப்பிடுவோம். அது ஒரு குறையே இல்லை. சொல்லாமல் தருவதுதான் குறை. என் மனிசன் சாராயம் விட்டது என்று தெரிந்தால் இன்னொரு துண்டு கேட்பார், என் தமக்கை தொடமாட்டா. இருவருக்கும் தெரிந்தால்தானே அவரவர் பாட்டைப் பார்ப்பார்கள்? தட்டைக் கொடுக்கும்போது 'மாமி, இதில் சாராயம் விட்டிருக்கு' என்று ஒரு சொல், முடிந்தது. பக்குவமாகச் சொல்ல வேண்டும், அறிவிப்புப் பலகை வைக்க வேண்டாம்.

ஐந்துசந்தி_நானா:
முஸ்லிம்கள் எங்களுக்குக் கிராம் கணக்கெல்லாம் வேண்டாம், ஒரு சொட்டு என்றாலும் ஆகாது. முதலே சொல்லிவிட்டால் ஒரு மனத்தாங்கலும் இல்லை. பட்டர் கேக் தந்தால் சந்தோஷமாக வாங்குவோம்.

மருந்துக்கடை_தம்பி:
இன்னும் சிலரைச் சேர்க்க வேண்டும். கர்ப்பிணிகள். வயிற்றுப் பிரச்சினைக்கோ பல்லுக்கோ மெட்ரோனிடசோல் எடுப்பவர்கள், அந்தக் குளிசை முடியும்வரை மதுசாரம் வேண்டாம் என்றுதான் சொல்லிக் கொடுப்போம். குடியை விடுவதற்கு டைசல்பிராம் எடுப்பவர்கள் என்றால் இந்தக் கேக்கே கூடாது, கொஞ்ச மதுசாரத்துக்கே முகம் சிவந்து நெஞ்சு படபடத்துச் சத்தி வரும். மருந்து எடுக்காமல் தன் பாட்டில் குடியை விட்டவர்களுக்கும் அந்த மணம் நல்லதில்லை. எங்கள் ஊரில் அப்படி ஒருவர் இல்லாத குடும்பம் குறைவு, ஆனால் அவர்களாக வாய் திறந்து சொல்லமாட்டார்கள். ஆகவே வீட்டுக்காரர்தான் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும்.

பாசையூர்_அன்ரி:
இவ்வளவு கணக்குப் பார்த்தால் றிச் கேக்கிலும் பிராண்டி இருக்கிறதுதானே, அதை ஆளாளுக்குச் சொல்லியா கொடுத்தோம்?

மருந்துக்கடை_தம்பி:
இனிச் சொல்லுங்கோ அன்ரி. அதிலும் பழத்தில் ஊறினது, வெந்த பிறகு மேலே தெளிக்கிறது எல்லாம் இருக்கிறது. துண்டு சின்னது என்பதால் தப்பினோம்.

குருநகர்_மருமகள்:
எல்லோருக்கும் நன்றி. அப்படியென்றால் இரண்டாகப் போடுகிறேன், ஒன்று சாராயம் விட்டது, ஒன்று விடாதது. விடாததற்குப் பாகு எப்படி? அதோடு மழைக்காலத்தில் சீனிப் பாகு நீர்த்துப்போய் ஒட்டுகிறது என்கிறார்கள், சிலருக்கு மாறி வெள்ளையாகச் சீனி பூத்துவிடுகிறதாம். எறும்புக்கு என்ன செய்வது?

போறணைக்காரன்:
சாராயம் விடாததற்குத் தோடம்பழச் சாறு. ஆனால் 100 மில்லிக்கு 100 மில்லி என்று மாற்றிவிட முடியாது, சாறு முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். 200 மில்லி எடுத்துத் தனியாகக் கொதிக்கவைத்துப் பாதியாக வற்றவிட்டு, பிறகு பாகில் சேருங்கள். எனக்குப் பிடித்தது பனங்கட்டி. பனங்கட்டி 200 கிராமைத் தண்ணீரில் கரைத்துத் துணியில் வடிகட்டுங்கள், மண்ணும் சுண்ணாம்பும் அடியில் நிற்கும், வடிக்காமல் விட்டால் பல்லில் நறநறக்கும். வடித்ததில் பட்டரும் இடித்த வேர்க்கொம்பும் போட்டுக் காய்ச்சினால் கறுப்பாக மினுங்கும். இதைச் சாப்பிட்டுப் பார்த்தால் சாராயக்காரர்களே இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள்.

சீனி பூக்கிறது என்றால் கரையாத சீனி சட்டி ஓரத்தில் ஒட்டியிருந்து பிறகு உள்ளே விழுகிறது. கொதித்த பிறகு கிண்ட வேண்டாம், ஓரத்தை ஈரத் தூரிகையால் கழுவிவிடுங்கள். தேசிக்காய்ப் புளி போடச் சொன்னதும் அதற்குத்தான், அது சீனி திரும்பக் கட்டிபடுவதைத் தடுக்கும். மழைக்கு ஒன்றும் செய்ய முடியாது, சீனி காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். கேக் முழுக்க ஆறின பிறகு காற்றுப் போகாத ரின்னில் வைத்து மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து மினுக்கம் போய்விடும். ரின்னைத் தண்ணீர் ஊற்றின தட்டத்தின் நடுவில் ஒரு கோப்பையைக் கவிழ்த்து அதன் மேல் வையுங்கள், எறும்பு வராது.

தொண்ணூறுகளில்_வளர்ந்தவன்:
ஓவன், அச்சு என்றெல்லாம் கதைக்கிறீர்கள், இல்லாதவர்களுக்கும் ஒரு வழி சொல்லுகிறேன். 1990 இற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, பொருளாதாரத் தடையில் சாமானும் இல்லை. அப்போதும் கேக் போட்டார்கள். பெரிய சட்டியில் மணலைப் பரப்பிச் சூடாக்கி, அதன் மேல் கேக் தட்டை வைத்து, தகரத்தால் மூடி, மூடியின் மேல் சிரட்டைத் தணலை அள்ளிப் போடுவார்கள். கீழ்நெருப்பு மெதுவாக, மேல்நெருப்புக் கொஞ்சம் கூட. எங்கள் பெரியம்மா தணலை மூடியின் ஓரத்தில் வட்டமாகத்தான் அடுக்குவா, நடுவில் கொட்டினால் மேல் கருகி உள்ளே பச்சையாக நிற்கும். இந்தக் கேக்கையும் அப்படிப் போடலாம், துளை அச்சு வேண்டுமென்றால் வட்டத் தட்டின் நடுவில் ஒரு சின்ன ரின்னுக்குப் பட்டர் பூசி, உள்ளே மணல் நிரப்பி வைத்தால் சரி.

போறணைக்காரன்:
நல்ல யோசனை அண்ணை. இன்னொன்றும் இருக்கிறது, விறகுப் போறணை வைத்திருக்கிற பேக்கரி பக்கத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பாண் இறக்கின பிறகு போறணையின் சூடு மெல்ல இறங்கும், அந்த நேரம் கேக்குக்குத் தோது. முன்பு நத்தாருக்கு முதல் கிழமை வீட்டுக்காரர்கள் தட்டில் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள்.

ஸ்காபரோ_அக்கா:
நான் துளை அச்சு இரண்டு கொண்டுவருகிறேன், ஒன்று வரிவரியாக, ஒன்று பூப்போல. மாறிப்போகாது. வரி போட்டது சாராயம்.

குருநகர்_மருமகள்:
வரி போட்டது சாராயம், பூ அச்சில் பனங்கட்டி. மாமியிடம் சொல்லிவிட்டேன். அவ கேட்டது ஒன்றுதான்: மிச்சம் வருகிற சாராயத்தை யார் பூட்டி வைப்பது?

வடமராட்சிப்_பொடியன்:
மிச்சம் வராது அக்கா. 80உம் 100உம் 180.